செயற்கைத் துணிக்கும் மறுசுழற்சித் துணிக்கும் தாவரச் சாயம்: இழை பார்த்துச் சாயமிடும் முழுமையான வழிகாட்டி

பாலியெஸ்டர் சட்டையைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சள் கரைத்த நீரில் கொதிக்கவைத்தால் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று சலவையில் பெரும்பகுதி போய்விடும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் இங்கே பெரிய தவறு வேறு: பருத்திக்கு உரிய செய்முறையை அப்படியே பாலியெஸ்டருக்குப் போட்டது.

பருத்தியிலும் பட்டிலும் படிகாரம் பற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. அது இழைக்கும் சாயத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்கிறது. அதனால்தான் அதற்கு நிறமூன்றி என்று பெயர். பாலியெஸ்டரில் அப்படி ஓர் இடமே கிடையாது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5% நீரை உறிஞ்சி வைத்திருக்கும், நைலான் 4%, பாலியெஸ்டர் வெறும் 0.4%. தண்ணீரே நுழையாத இழைக்குள் தண்ணீரில் கரைந்த படிகாரம் எப்படி நுழையும்? எனவே செயற்கைத் துணியில் முதல் கேள்வி "எந்தச் செடி?" அல்ல, "எந்த இழை?"

இழையைக் கண்டுபிடித்தல்

துணியில் விவரச்சீட்டு இருந்தால் வேலை மிச்சம். பழைய துணிகளில் பெரும்பாலும் அது வெட்டப்பட்டிருக்கும். உள்தையலிலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, திறந்த வெளியில் எரித்துப் பாருங்கள். புகையை நேராக முகராமல் கையால் விசிறி லேசாக முகர்ந்தால் போதும். அக்ரிலிக் எரியும்போது நச்சுப் புகை வரும்.

- பருத்தி, ரேயான்: காகிதம் எரியும் வாசனை, உருகாது, தொட்டால் உதிரும் மென்சாம்பல்.
- பாலியெஸ்டர்: தீயைக் கண்டு சுருங்கி உருகும், கரும்புகை, லேசான இனிப்பு வாடை, ஆறியதும் கருப்பான கடின மணி.
- நைலான்: உருகும், புகை குறைவு, மணி பழுப்பு அல்லது சாம்பல் நிறம்.
- அக்ரிலிக்: விறுவிறுவென எரியும், கரி பறக்கும், மணி ஒழுங்கற்று நொறுங்கும்.

உருகவும் செய்து சாம்பலும் விட்டால் அது கலப்பு நூல். சின்னத் துண்டை டிடர்ஜென்ட் கலந்த நீரில் நன்றாக அமுக்கிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றிய பிறகும் மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன். அதன் அடர்த்தி 0.91 மட்டுமே. அதற்குத் தாவரச் சாயம் எதுவும் ஏறாது, முயலவே வேண்டாம். பட்டுபோல் வழவழக்கும் துணியில் ஒரு நூலை அசிடோனில் போட்டதும் அது கரைந்து பிசுபிசுத்தால் அசிடேட் என்ற இழை. அசிடேட்டை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் பளபளப்பு போய்விடும், காரமும் ஆகாது.

கழுவுதல்

இதில் அவசரப்படுபவர்களுக்குத்தான் திட்டுத்திட்டான துணி கிடைக்கிறது. புதுச் செயற்கைத் துணியில் நூற்பு எண்ணெய் இருக்கும். பழைய துணியில் மென்மையூட்டியின் படிவும், வியர்வையும், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க் கறையும் இருக்கும்.

துணியை உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் சதவீதம் எல்லாம் இந்த உலர் எடையில்தான். 100 கிராம் துணிக்கு 4 லிட்டர் நீர், 8 கிராம் சலவை சோடா, 5 மி.லி. வாசனையில்லாத திரவ டிடர்ஜென்ட். 60 முதல் 70 டிகிரியில் 40 நிமிடம் வைத்து, சூடான நீரில் இருமுறை அலசுங்கள். அசிடேட்டுக்குச் சோடா வேண்டாம், 50 டிகிரி போதும். பருத்தி அதிகமுள்ள துணியைக் கொதிநிலைக்கு அருகே ஒரு மணி நேரம் வைக்கலாம்.

அலசியபின் துணியின் பல இடங்களில் ஒவ்வொரு சொட்டு நீர் விடுங்கள். ஓரிடத்தில் பரவி, வேறிடத்தில் முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். எல்லா இடத்திலும் முத்தாகவே உருண்டால் அது நீர் ஒட்டாத பூச்சு. குடை, மழைச்சட்டை, கூடாரத் துணிகள் இப்படித்தான். பூச்சு உள்ள பக்கம் சாயம் ஏறாது. உரித்தெடுக்க வழி தேடுவதைவிட வேறு துணி தேடுவது புத்திசாலித்தனம்.

நைலான்: இங்கிருந்து தொடங்குங்கள்

செயற்கை இழைகளில் தாவரச் சாயத்துக்கு மனதார இடம் கொடுப்பது நைலான்தான். கம்பளியிலும் பட்டிலும் உள்ள அமைடு பிணைப்பு இதிலும் இருக்கிறது. இழை முனைகளில் உள்ள அமினோ தொகுதிகள் அமில நீரில் நேர்மின்னேற்றம் பெற்றுச் சாயத்தை இழுக்கும். மீன்வலையிலிருந்தும் கம்பளத்திலிருந்தும் மறுசுழற்சி செய்த நைலானுக்கும் இதே வேதியியல்தான்.

100 கிராம் நைலானுக்கு வெங்காயத்தோல் செய்முறை:

1. உலர்ந்த வெங்காயத்தோல் 60 கிராமை 2 லிட்டர் நீரில் 45 நிமிடம் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள்.
2. நீர் சேர்த்து 4 லிட்டராக்கி, பி.எச். தாளில் 4.5 முதல் 5 காட்டும்வரை வினிகர் சேருங்கள். கடின நீருக்கு வினிகர் கூடுதலாகப் பிடிக்கும். ஆகவே அளவை நம்பாமல் தாளை நம்புங்கள்.
3. நனைத்த துணியை 40 டிகிரியில் இறக்குங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 90 வரை ஏற்றுங்கள். இந்தக் கட்டத்தில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.
4. 90 டிகிரியில் 45 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, சாயநீரிலேயே 50 டிகிரிக்கு ஆறவிட்டு அலசுங்கள்.

ஏற்றம் மெதுவாக இருக்கவேண்டியதற்குக் காரணம் உண்டு. நைலான் சாயத்தை வேகமாகப் பிடிக்கும், பிடித்ததை எளிதில் விடாது. முதல் பத்து நிமிடத்தில் விழுந்த திட்டு கடைசிவரை நிற்கும். இடையிடையே ஒரு கரண்டி சாயநீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். செம்பழுப்பாக இருந்த நீர் மெல்ல வெளிறி வரும். அதற்குமேல் வெளிறாத நிலை வந்துவிட்டால் துணி எடுக்கவேண்டியதை எடுத்துவிட்டது என்று பொருள்.

படிகாரம் இல்லாமல் இது செம்பழுப்பு தரும். முன்னதாக 10% படிகாரத்தில் 80 டிகிரியில் 45 நிமிடம் வைத்திருந்தால் பொன்மஞ்சள் கிடைக்கும். மருதாணி 40%, மஞ்சிட்டி 50%, வால்நட் பச்சைத்தோல் 60% என இதே முறையில் போகலாம். சாம்பல் நிறம் வேண்டுமானால் 20% கடுக்காய்ப் பொடிச் சாற்றில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அலசி, 2% அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்த புது நீரில் 50 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். கண்ணெதிரே கருக்கும். அன்னபேதி 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மிஞ்சிய இரும்பு துணியைச் சொரசொரப்பாக்கும், பருத்தி கலந்திருந்தால் நாளடைவில் இற்றுப்போக வைக்கும்.

பாலியெஸ்டர்: வெப்பமும் சிறு மூலக்கூறும்

பாலியெஸ்டர் இழை இறுக்கமாக அடுக்கப்பட்டது. 70 முதல் 80 டிகிரிக்கு மேல்தான் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அசையத் தொடங்கும். அப்போது திறக்கும் சந்துகளில் நுழைய, சாயம் சிறியதாகவும், தட்டையாகவும், நீரில் அதிகம் கரையாததாகவும் இருக்க வேண்டும். ஆலைகள் இதற்கென்றே டிஸ்பர்ஸ் சாயங்களை (நீரில் கரையாமல் நுண்துகளாகப் பரவி நிற்பவை) வைத்துக்கொண்டு, மூடிய கலனில் 130 டிகிரியில் சாயமிடுகின்றன. தாவரங்களிலும் இந்த இலக்கணத்துக்குப் பொருந்தும் சில உண்டு: மருதாணியின் லாசோன், வால்நட் தோலின் ஜுக்லோன் (இரண்டுக்கும் மூலக்கூறு எடை 174), மஞ்சிட்டி வகையின் ஆந்த்ராகுவினோன்கள், மஞ்சளின் குர்குமின். கடுக்காய், மாதுளைத்தோல், வேலம்பட்டை போன்ற டானின் சாயங்கள் பெரிய மூலக்கூறுகள். அவை பாலியெஸ்டரின் மேற்பரப்பில் ஒட்டிப் பின் உதிரும்.

திறந்த பாத்திரத்தில் 95 முதல் 100 டிகிரியில் 90 நிமிடம் வைத்தால் வெளிர்நிறம் கிடைக்கும். அழுத்தமான நிறத்துக்குப் பிரஷர் குக்கர் வேண்டும். 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி வரும். சாயத்துக்குப் பயன்படுத்திய குக்கரை மறுபடி சமையலறைக்குள் கொண்டுபோகக் கூடாது.

40 கிராம் பாலியெஸ்டருக்கு மருதாணிச் செய்முறை:

1. மருதாணி இலைப்பொடி 60 கிராம், 1.2 லிட்டர் வெதுவெதுப்பான நீர், 20 மி.லி. வினிகர். ஓர் இரவு ஊறட்டும். இலையில் சர்க்கரையோடு பிணைந்திருக்கும் லாசோன் பிரிந்துவர இந்த நேரம் தேவை. சாயம் ஏதும் கலக்காத இலைப்பொடிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூந்தலுக்கென்று வரும் கருப்பு, பழுப்புக் கலவைகள் இதற்கு உதவாது.
2. அரை மணி நேரம் சூடாக்கி, நெருக்கமாக நெய்த துணியில் இருமுறை வடிகட்டுங்கள். வண்டல் துளிகூட இருக்கக்கூடாது. ஒவ்வொரு தூளும் துணியில் ஒரு கரும்புள்ளியாக வந்து உட்காரும்.
3. சாற்றை 1 லிட்டருக்குக் கொண்டுவந்து, 0.5 மி.லி. டிடர்ஜென்ட் சேருங்கள். அரைகுறையாகக் கரைந்த சாயத்துகள்கள் கட்டிசேராமல் மிதக்க இது உதவும். பி.எச். 4.5 முதல் 5.
4. சுமார் 2 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பாத்திரத்தில் சாறும் துணியும் போட்டு, 70 டிகிரியில் பத்து நிமிடம் நன்கு புரட்டுங்கள். குக்கரை மூடியபின் கிளற முடியாது என்பதால் சீராக ஏற இதுதான் ஒரே வாய்ப்பு. துணியை முடிச்சிடாமல், தளர்வாக மடித்து, முழுதும் மூழ்கவையுங்கள்.
5. பாத்திரத்தைத் தட்டால் தளர்வாக மூடி, அடியில் 1.5 லிட்டர் நீர் உள்ள குக்கருக்குள் தாங்கியின் மேல் வையுங்கள். துணியை நேரடியாகக் குக்கரில் போடவே கூடாது, நீராவித் துளையை அடைத்துவிடும்.
6. ஆவி சீறத் தொடங்கியதும் தீயைக் குறைத்து 75 நிமிடம். உள்பாத்திர நீர் அந்த வெப்பத்துக்கு வரவே முதல் 15, 20 நிமிடம் போய்விடும். ஓயாமல் விசில் அடித்தால் அடிநீர் வற்றிவிடும், எனவே அழுத்தம் நிற்கும் அளவுக்கு மட்டும் தீ இருக்கட்டும்.
7. அணைத்தபின் அழுத்தம் தானாக இறங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே 120 டிகிரியில் இருக்கும் சாயநீர் சட்டெனப் பொங்கி எழும். துணியும் சூட்டோடு சூடாகச் சுருங்கி, இஸ்திரிக்கு மசியாத சுருக்கம் விழும்.
8. 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் எடுத்து, லிட்டருக்கு 2 கிராம் டிடர்ஜென்ட் கலந்த 60 டிகிரி நீரில் 15 நிமிடம் அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் சாயம் இதில் போய்விடும். நிறம் குறைகிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது எப்படியும் போகவேண்டியதுதான்.

ஆரஞ்சு சாயல் கொண்ட பழுப்பு கிடைக்கும். மஞ்சளுக்கு 60 கிராம் பொடியை ஊறவைக்காமல் நேரே டிடர்ஜென்ட் துளியோடு கொதிக்கவைத்து, சூடாகவே வடிகட்டி, மற்றதை இப்படியே செய்யலாம். குர்குமினைச் சாராயத்தில் கரைத்து எடுக்கும் வழக்கம் உண்டு. அந்தச் சாற்றைக் குக்கர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஆவி தீப்பற்றும். பாலியெஸ்டருக்குள் புகுந்த மஞ்சள் சலவைக்கு ஓரளவு தாங்கும். வெயிலுக்கு அங்கேயும் தாங்காது. திரைச்சீலைக்கு உதவாது, உள்புறத் துணிக்கு உதவும்.

ஸ்பான்டெக்ஸ் கலந்த துணியைக் குக்கரில் வைத்தால் நெகிழ்வு போய்த் தொளதொளக்கும். அதற்குத் திறந்த பாத்திரமும் 90 டிகிரியும்தான் எல்லை. காஸ்டிக் சோடாவால் பாலியெஸ்டரின் மேற்பரப்பை அரித்துச் சாயம் ஏற்றுவதும், கேரியர் எனும் வேதிப்பொருள் சேர்த்து இழையைத் திறப்பதும் ஆலை வேலைகள். முன்னது தோலையும் கண்ணையும் அரிக்கும், பின்னது மூச்சுக்குக் கேடு.

பாட்டிலிலிருந்து செய்த மறுசுழற்சிப் பாலியெஸ்டரும் இதே வழியில்தான் சாயம் ஏற்கும். ஆனால் அடிநிறம் சற்று மங்கலாக அல்லது மஞ்சள் சாயலோடு இருக்கலாம், ஏற்றமும் தொகுதிக்குத் தொகுதி மாறலாம். ஒரே உடைக்கான துண்டுகளை ஒரே தொகுதியிலிருந்து வெட்டி, ஒரே பாத்திரத்தில் போடுங்கள்.

அக்ரிலிக்

அக்ரிலிக் எதிர்மின்னேற்றம் கொண்ட இழை. அதனால் நேர்மின்னேற்றச் சாயமே நன்றாக ஒட்டும். தாவரங்களில் அப்படிக் கைக்குக் கிடைப்பது அநேகமாக ஒன்றுதான்: மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப்பொருள். ஆனால் மரமஞ்சள் என்ற பெயரில் கோசினியம் கொடியின் தண்டும் வரும், அது காட்டில் அளவுமீறி வெட்டப்பட்டு அருகிவரும் இனம். பெர்பெரிஸ் செடியின் வேரையோ தண்டையோ கேட்டு வாங்குங்கள்.

100 கிராம் அக்ரிலிக்குக்கு 50 கிராம் சீவல், ஓர் இரவு ஊறல், ஒரு மணி நேரக் கொதி, வடிகட்டி 4 லிட்டர். நிறமூன்றி தேவையில்லை. 60 டிகிரியில் துணியை இறக்குங்கள். 75 வரை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அதைத் தாண்டியதும் சட்டென இழுக்கும். ஆகவே 75 முதல் 95 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று ஊர்ந்து போங்கள். 95 டிகிரியில் 45 நிமிடம், பிறகு அசைக்காமல், பிழியாமல் அதே நீரில் ஆறவிடுங்கள். சூடான அக்ரிலிக்கைத் தூக்கித் தொங்கவிட்டால் நீண்டு உருமாறும். பளீரென்ற மஞ்சள் கிடைக்கும், வெயிலில் மங்கும்.

ரேயானும், மறுசுழற்சிப் பருத்தியும், கலப்பும்

ரேயான், மோடல், லையோசெல் எல்லாம் ஆலையில் செய்தவை என்றாலும் செல்லுலோஸ்தான். பருத்திக்கான முறை அப்படியே பொருந்தும்: 15% கடுக்காய்ச் சாற்றில் 50 டிகிரியில் ஒரு மணி நேரம். பிழிந்து, 6% அலுமினியம் அசிடேட் கரைசலில் 45 டிகிரியில் இரண்டு மணி நேரம். உலர்த்தி, லிட்டருக்கு 10 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் கலந்த நீரில் பத்து நிமிடம் முக்கி அலசுங்கள். பிறகு மஞ்சிட்டி 50%, 60 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரம். கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பாகும். ரேயான் நனைந்தால் பாதி பலம் இழக்கும். முறுக்கிப் பிழிந்தால் கிழியும், துவாலையில் சுருட்டி அமுக்குங்கள்.

பழந்துணியைப் பிய்த்து நூற்ற மறுசுழற்சிப் பருத்தியில் மூன்று சிக்கல்கள். இழை குட்டையானது என்பதால் உராய்ந்தால் உரோமம் கிளம்பும், அதிகம் கிளறாதீர்கள். பழைய சாயம் ஏற்கனவே உள்ளே இருக்கும். உங்கள் சாயம் அதை மறைக்காது, அதோடு கலக்கும். வெளிர்நீலத் துணிக்கு மஞ்சள் கொடுத்தால் பச்சை, சாம்பல் துணிக்கு மஞ்சிட்டி கொடுத்தால் மங்கிய செம்மண் நிறம். மூன்றாவது, பலத்துக்காக அதில் பாலியெஸ்டர் சேர்ப்பது வழக்கம். நிறமூன்றி முறையில் பருத்தி மட்டுமே நிறமேறும், பாலியெஸ்டர் வெளுப்பாக நிற்கும். பார்வைக்கு இது நெளிநெளியான இருநிறத் துணி, மிக அழகானது. இதைக் குறையாக நினைத்துச் சரிசெய்ய முனைவது வீண் உழைப்பு என்பது எங்கள் கருத்து.

இரண்டு இழையும் நிறமேற வேண்டுமென்றால் பாலியெஸ்டருக்கான குக்கர் வேலையை முதலில் முடித்து, கழுவி, அதன்பின் பருத்திக்கு நிறமூன்றி கொடுங்கள். வரிசையை மாற்றினால் அமிலமும் 120 டிகிரி வெப்பமும் பருத்தியில் ஏற்றிய அலுமினியத்தைக் கழற்றிவிடும்.

தையல் நூலை மறக்காதீர்கள். பருத்திச் சட்டையாக இருந்தாலும் தைத்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். கருஞ்சிவப்புச் சட்டையில் ஒவ்வொரு தையலும் வெள்ளைக்கோடாகத் தெரியும். காலரும் பொத்தான் துளையும் முதலில் கண்ணில் படும்.

கோளாறுகள்

துணி முழுக்க மேகம்போல் திட்டு இருந்தால் வெப்பம் வேகமாக ஏறியிருக்கிறது அல்லது பாத்திரம் சிறியது. ஒரே இடத்தில் மட்டும் வெளிர்வட்டம் என்றால் எண்ணெய். நிறம் முழுவதும் மங்கிச் சாம்பல் தட்டினால் இரும்புப் பாத்திரத்தையோ தண்ணீரையோ சந்தேகியுங்கள். மஞ்சள் துணி சோப்புப் பட்டதும் சிவந்தால் பயம் வேண்டாம், அது காரத்தின் வேலை, வினிகர் நீரில் அலசினால் திரும்பும்.

உப்பும் வினிகரும் போட்டால் நிறம் நிற்கும் என்பது இணையம் முழுக்கச் சுற்றும் கதை. வினிகர் பி.எச். மாற்றும், அவ்வளவே. பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ, ஊதா முட்டைக்கோஸ் எதுவும் எந்த இழையிலும் நிற்காது. பீட்ரூட்டின் நிறம் சூட்டிலேயே சிதையும், மற்றவை பி.எச். மாறினால் நிறம் மாறி, வெளிச்சத்தில் காணாமல் போகும்.

சோதனையும் பராமரிப்பும்

முழுத்துணிக்கு முன் 10 கிராம் துண்டில் செய்து பாருங்கள். பாதியை அட்டையால் மூடி வெயில்படும் சன்னலில் இரண்டு மூன்று வாரம் ஒட்டிவையுங்கள். வெள்ளைப் பருத்தித் துண்டோடு சேர்த்துத் தைத்து 40 டிகிரியில் துவைத்தால் சாயம் இறங்குகிறதா என்று தெரியும். உலர்ந்த வெள்ளைத் துணியாலும் ஈரத்துணியாலும் பத்துப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். ஈரத்தில் மட்டும் ஒட்டினால் இன்னொரு சூட்டு அலசல் போதும். உலர்விலும் ஒட்டினால் சாயம் இழைக்குள் போகவே இல்லை.

பயன்படுத்தும்போது குளிர்ந்த நீர், காரமில்லாத திரவ சோப்பு, நிழல் உலர்த்தல். மறுசுழற்சிப் பாலியெஸ்டர் கம்பளிப்போர்வை போன்றவை நுண்ணிழைகளை உதிர்க்கும், அவற்றை நெருக்கமான வலைப்பைக்குள் போட்டுத் துவையுங்கள். படிகாரக் கரைசலை வீணாக்காமல், முதல் அளவில் பாதி படிகாரம் சேர்த்து அடுத்த துணிக்குப் பயன்படுத்தலாம். அன்னபேதி நீரை மட்டும் மீண்டும் வைக்காதீர்கள். காற்றுப்பட்டுத் துருப்பிடித்து, அடுத்த துணியில் செம்புள்ளியாக இறங்கும்.